சாரத்துக்குள் செல் இறங்க மறுப்பது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

திசுப் பொறியியல் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். உடம்புக்குள் தானாகக் கரைந்துபோகும் ஒரு பொருளில், உள்ளெல்லாம் நுண்துளையாக ஒரு சாரம் (கட்டடச் சாரம் போல, செல்லைத் தாங்கும் கூடு) செய்து, அதில் உயிருள்ள செல்களைக் குடியேற்றி, குருத்தெலும்பு, ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை என்று வளர்க்கப் பார்க்கும் துறை அது. இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். முதல் பதில் நீளம்தான். ஆய்வகத்தில் இருப்பவர்கள் பலரும் அதையேதான் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் பைனல் இயர் புராஜெக்டுக்காக, உப்பைக் கலந்து பிறகு கரைத்தெடுக்கும் முறையில் பிஎல்ஜிஏ என்ற, உடம்பில் கரையும் பாலிமரில் சாரம் செய்தோம். 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். 24 வெல் (குழி) உள்ள ப்ளேட்டில் வைத்து ஒவ்வொரு வெல்லிலும் 5 லட்சம் செல் கலந்த 1 மில்லி மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) ஊற்றினோம். ஒரு வாரம் கழித்து உயிருள்ள செல் இருந்தால் ஊதா நிறம் காட்டும் எம்டிடி டெஸ்டில் நல்ல நிறம் வந்தது. ஆனால் சாரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செல், நடுவில் ஒன்றுமே இல்லை. கைடு கேட்டால் என்ன சொல்வது?
*பி.டெக். மாணவி, கோவை*

பதில்: முதலில், வெட்டிப் பார்த்தீர்களே, அதற்குப் பாராட்டு. எம்டிடி நிறம் வந்ததும் படம் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

இனி ஒரு கணக்கு. உங்கள் வில்லையின் மொத்தக் கன அளவு சுமார் 39 மைக்ரோலிட்டர். 90 சதவீதம் துளை என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே இருக்கும் வெற்றிடம் 35 மைக்ரோலிட்டர்தான். நீங்கள் ஊற்றியதோ 1,000 மைக்ரோலிட்டர். அதில் மிஞ்சிப்போனால் முப்பதில் ஒரு பங்குதான் சாரத்துக்குள் இருக்க இடமே உண்டு, மீதியெல்லாம் சுற்றி நிற்கும் தண்ணீர், அதில் மிதக்கும் செல்கள் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டுக் கீழே இறங்கி வெல்லின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த ப்ளேட்டே செல் ஒட்டுவதற்காகத் தயாரித்ததுதானே. ஒரு வாரம் அங்கே வசதியாகப் பெருகியிருக்கும். எம்டிடியை அதே வெல்லில் போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்த ஊதா நிறத்தில் பெரும்பங்கு அடித்தட்டில் இருந்த செல்களுடையது. சாரத்தைச் சுத்தமான வேறு வெல்லுக்கு மாற்றிய பிறகுதான் எம்டிடி போட வேண்டும். இன்னொன்று, அந்த ஊதாப் படிகத்தைக் கரைக்கும் முன் சாரத்தை பிளேடால் வெட்டி வெறும் கண்ணால் பார்த்தாலே போதும், நிறம் எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். செலவே இல்லாத டெஸ்ட்.

அடுத்தது காற்று. பிஎல்ஜிஏ தண்ணீரை விலக்கும் பொருள். காய்ந்த சாரத்தை மீடியத்தில் போட்டதும் மிதந்திருக்குமே? அதுதான் அறிகுறி. துளைக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கும்போது மீடியமே உள்ளே போகாது, செல் எப்படிப் போகும்? ரைஸ் பல்கலைக்கழகத்தின் அன்டோனியோஸ் மிகோஸ் குழு 1994-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டது. முதலில் எத்தனாலில் நனையுங்கள். எத்தனாலின் பரப்பு இழுவிசை குறைவு, துளைக்குள் தானே ஏறிவிடும். பிறகு பஃபரால் (செல்லுக்குக் கேடு செய்யாத உப்புக் கரைசல்) திரும்பத் திரும்ப மாற்றி எத்தனாலை முழுக்க வெளியேற்றுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் செல் செத்துவிடும், இங்கே அவசரம் வேண்டாம். அப்படியும் குமிழி நின்றால் சிரிஞ்சுக்குள் சாரத்தையும் பஃபரையும் வைத்து, முனையை விரலால் அடைத்து பிஸ்டனை இழுங்கள், குமிழி பொலபொலவென்று வெளியே வரும். அதன்பின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) கலந்த மீடியத்தில் ஓர் இரவு ஊறட்டும். சீரத்தில் உள்ள ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் துளைச் சுவரில் படிந்தால்தான் செல்லுக்குப் பிடிமானம் கிடைக்கும், வெறும் பாலிமரில் அதற்குப் பிடிக்க எதுவும் இல்லை.

செல்லைச் சாரத்தில் விதைக்கும் நாளில் அதை எடுத்து, ஸ்டெரைல் வடிதாளில் லேசாக ஒற்றி உபரி ஈரத்தை எடுத்துவிட்டு, உங்கள் 5 லட்சம் செல்லையும் 30 மைக்ரோலிட்டரில் அடர்த்தியாக எடுத்து, பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக வையுங்கள். பாதியை ஒரு பக்கம், அது உள்ளே இழுத்த பிறகு திருப்பிப் போட்டு மீதியை மறுபக்கம். உடனே மீடியம் ஊற்றக் கூடாது, ஊற்றினால் அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும். இன்குபேட்டரில் 2, 3 மணி நேரம் அப்படியே விடுங்கள், செல் ஒட்ட அவ்வளவு நேரமாவது வேண்டும். ஆனால் 30 மைக்ரோலிட்டர் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் பக்கத்து வெல்களில் பஃபர் நிரப்பி வையுங்கள், அரை மணிக்கொரு முறை ஒரு சின்னச் சொட்டு மீடியமும் கொடுங்கள். பிறகு ஓரமாக, மெதுவாக, மீடியம் ஊற்றலாம். ப்ளேட்டின் அடியில் அகரோஸ் என்ற ஜெல்லைப் பூசிவிட்டால் செல் அங்கே ஒட்டாது.

கைடிடம் சொல்ல ஓர் எண் வேண்டுமா? மறுநாள் சாரத்தைத் தூக்கிவிட்டு, மீடியத்தில் மிதப்பவை, டிரிப்சின் (ஒட்டிய செல்லைப் பிரிக்கும் நொதி) போட்டு அடியிலிருந்து எடுத்தவை இரண்டையும் எண்ணுங்கள். 5 லட்சம் போட்டு 4 லட்சம் வெளியே இருந்தால் விதைப்புத் திறன் 20 சதவீதம், அவ்வளவுதான். இதை எழுதாமல் "சாரம் செல்லுக்கு உகந்தது" என்று முடிவு எழுதுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கறாரான கருத்து. சாரத்தின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இவ்வளவும் செய்த பிறகும் நடுவில் செல் இல்லை என்றால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உப்பு குறைவாகக் கலந்திருந்தால் ஒவ்வொரு படிகமும் தனித்தனி அறையாகிவிடும், கதவு இருக்காது. துளை 200 மைக்ரான் என்று பெருமையாக எழுதுவோம், துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள சந்து பத்து மைக்ரானாக இருந்தால் 12, 15 மைக்ரான் உருண்டையாக வரும் செல் எப்படி நுழையும்?

கேள்வி: முதுகில் மனிதக் காது முளைத்த எலியின் படம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. உண்மையா, ஒட்டு வேலையா? மனித மரபணுவை எலிக்குள் வைத்தார்கள் என்கிறார்களே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி*

பதில்: படம் உண்மை, கூடவே சொல்லப்படும் கதை தவறு. மரபணு வேலை எதுவும் அதில் இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் வகான்டி குழு செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. பாலிகிளைகாலிக் அமில இழைகளால் ஆன பஞ்சு போன்ற வலையை ஒரு சிறு குழந்தையின் காது வடிவத்துக்கு வார்த்து, வடிவம் குலையாமல் இருக்க பாலிலாக்டிக் அமிலத்தில் நனைத்து, அதில் கன்றுக்குட்டியின் குருத்தெலும்புச் செல்களை விதைத்து, நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத, முடியில்லாத எலியின் முதுகுத் தோலுக்கு அடியில் 12 வாரம் வைத்தார்கள். வேற்றுச் செல்லை எதிர்க்காது என்பதால்தான் அந்த எலி. ஆக, அது மனிதக் காதும் அல்ல, அதற்குக் கேட்கவும் கேட்காது. காது வடிவத்தில் மாட்டுக் குருத்தெலும்பு.

ஆனாலும் அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சாரம் கரைந்துபோக, அந்த இடத்தில் செல்கள் தாங்களே சுரந்த குருத்தெலும்பு அதே வளைவு நெளிவோடு நின்றது. இந்தத் துறையை உலகமே திரும்பிப் பார்த்தது அந்தப் படத்தால்தான். இதற்கு அடித்தளம் போட்ட கட்டுரையை ராபர்ட் லாங்கரும், சார்லஸின் அண்ணன் ஜோசப் வகான்டியும் 1993-இல் எழுதியிருந்தார்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் உடம்புக்குள் கரையும் என்றால் பயமாக இல்லையா? கரைந்து எங்கே போகும்?
*இல்லத்தரசி, மதுரை*

பதில்: ஆபரேஷனில் போடும் "தானாகக் கரையும் தையல்" இதே குடும்பம்தான். விக்ரில் என்ற தையல் நூல் கிளைகாலிக், லாக்டிக் அமிலங்களின் கூட்டுப் பாலிமர், இரண்டு மாதம் சொச்சத்தில் உடம்பு அதை உறிஞ்சிவிடும். உடம்பில் உள்ள தண்ணீரே சங்கிலியைத் துண்டு துண்டாக்கும். கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம் நாம் ஓடும்போது தசையில் உண்டாகும் அதே பொருள், கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியேறிவிடும்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். தடிமனான துண்டாக இருந்தால் உள்ளே உண்டாகும் அமிலம் வெளியே வர நேரமாகும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், நடுவில் இருக்கும் செல்கள் அமிலத்தில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் வேகம். இந்த இரண்டு அமிலமும் பாதிக்குப் பாதி கலந்த பிஎல்ஜிஏ ஓரிரு மாதத்தில் உருக்குலைந்துவிடும், பாலிகாப்ரோலாக்டோன் என்ற இன்னொரு பாலிமர் இரண்டு வருடம் தாண்டியும் கிடக்கும். செல் தன் சொந்தப் பொருளைச் சுரந்து எடை தாங்கும் முன் சாரம் போய்விட்டால் எல்லாம் சரிந்துவிடும், கரையாமல் நின்றால் புதுத் திசுவுக்கு அது தடை. குருத்தெலும்புக்குச் சரியான வேகம் எலும்புக்குச் சரிவராது.

கேள்வி: காது செய்தாயிற்று, சிறுநீர்ப்பை செய்தாயிற்று என்கிறார்கள். அப்படியானால் கிட்னி எப்போது? என் தம்பி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறான்.
*வாசகர், திருநெல்வேலி*

பதில்: தம்பியின் நிலை புரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன்: சாரத்தில் செல் விதைத்து வளர்த்த கிட்னி எந்த மனிதருக்கும் இன்றுவரை பொருத்தப்படவில்லை. டாக்டர் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் இதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

காரணம் பிராணவாயு. உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் ஏதோ ஒரு தந்துகிக் குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தூரத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் பிராணவாயு கசிந்து போய்ச் சேராது. ஆய்வகத்தில் செய்த சாரத்தில் ரத்தக்குழாய் கிடையாது. உடம்பில் வைத்ததும் சுற்றிலுமிருந்து குழாய்கள் வளர்ந்து வர வேண்டும், அதற்குப் பல நாள் ஆகும், நடுவில் இருக்கும் செல்லுக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. குருத்தெலும்பில் இயற்கையாகவே ரத்தக்குழாய் கிடையாது, கொஞ்சம் பிராணவாயுவிலேயே பிழைக்கப் பழகிய செல் அது. சிறுநீர்ப்பையோ மெல்லிய சுவர் கொண்ட பை. கிட்னி அப்படியில்லை, பத்து லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ரத்தக்குழாய் முடிச்சு, பல வகைச் செல், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்.

சிறுநீர்ப்பை விஷயத்திலும் முழுக் கதை கொஞ்சம் கசப்பானது. அந்தோணி அடாலா குழு 2006-இல் லான்செட் இதழில் 7 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது, 4 முதல் 19 வயது வரை, பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களிடமிருந்தே சின்னத் துண்டு எடுத்து, இரண்டு வகைச் செல்லைத் தனித்தனியாகப் பெருக்கி, பை வடிவச் சாரத்தின் வெளிப்பக்கம் தசைச் செல்லும் உள்பக்கம் உள்வரிச் செல்லும் விதைத்தார்கள். வயிற்றுக்குள் குடலுக்கு முன்னால் தொங்கும், ரத்த ஓட்டம் மிகுந்த கொழுப்புச் சவ்வை அதன் மேல் போர்த்தி வைத்தவர்களுக்குத்தான் பலன் நன்றாக இருந்தது. மறுபடியும் ரத்தம்தான். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் இதே வழியில் வேறு மருத்துவர்கள் பல மையங்களில் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனையில் பையின் கொள்ளளவோ நெகிழ்வோ கூடவில்லை, மோசமான பக்கவிளைவுகளும் வந்தன. முதல் செய்தியைப் போட்ட பத்திரிகைகளில் இரண்டாவதைப் போட்டவை குறைவு.

கேள்வி: செல் விதைக்க ஸ்பின்னர் ஃப்ளாஸ்க் (மீடியத்தைச் சுழற்றும் குடுவை) வாங்கலாமா, பெர்ஃப்யூஷன் செட்டப் (மீடியத்தைச் சாரத்தின் ஊடாகத் தள்ளுவது) செய்யலாமா? எங்கள் லேப்பில் ஏதாவது ஒன்றுக்குத்தான் பட்ஜெட்.
*பிஎச்.டி. மாணவர், வேலூர்*

பதில்: உங்கள் சாரம் பஞ்சு மாதிரித் திறந்த வலையாக, 2, 3 மி.மீ. தடிமனுக்குள் இருந்தால் ஸ்பின்னர் போதும். கோர்டானா வுன்யாக்-நோவாகோவிச் குழு எம்ஐடியில் செய்து 1998-இல் வெளியிட்ட வேலையைப் பாருங்கள். பாலிகிளைகாலிக் வலைகளை ஊசியில் கோத்து மூடியிலிருந்து தொங்கவிட்டு, கீழே காந்தத் துண்டை மெதுவாகச் சுழலவிட்டார்கள், ஒரே நாளில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் வலைக்குள் போய் ஒட்டிவிட்டது. தடிமன் கூடினாலோ, பீங்கான் போன்ற கெட்டியான நுரையாக இருந்தாலோ ஸ்பின்னரில் திரவம் சாரத்தைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர உள்ளே புகாது, வெளி ஓடு மட்டும் கெட்டிப்படும். அங்கே பெர்ஃப்யூஷன்தான். ஒரே திசையில் தள்ளாமல் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள், சுவிட்சர்லாந்தின் பாஸல் குழு 2003-இல் காட்டியது போல, செல் சீராகப் பரவும். வேகத்தை மட்டும் பேராசைப்பட்டுக் கூட்டாதீர்கள், ஒட்டிய செல் உரிந்துவிடும். எனக்குப் பிடித்தது பெர்ஃப்யூஷன். விதைத்த பிறகும் அதே செட்டப்பில் மீடியம் ஓட்டி வளர்க்கலாம்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டுச் செல்லை விதைப்பதற்குப் பதில் வெறும் சாரத்தை வைத்துவிட்டால் உடம்பே பார்த்துக்கொள்ளாதா?
*மருத்துவ மாணவி, யாழ்ப்பாணம்*

பதில்: வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். சில இடங்களில் பார்த்துக்கொள்கிறது! தீக்காயத்துக்கு ஜான் பர்க்கும் இயோனிஸ் யான்னஸும் 1981-இல் அறிவித்த செயற்கைத் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த நுண்துளைப் படலம், மேலே சிலிக்கோன் மெல்லேடு. இன்டெக்ரா என்ற பெயரில் 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதில் செல்லே கிடையாது, காயத்தின் அடியிலிருந்து நோயாளியின் சொந்தச் செல்கள் ஏறி வந்து உள்தோலைக் கட்டுகின்றன.

ரத்தக்குழாய் இன்னும் சுவாரசியம். டோக்கியோவில் டோஷிஹாரு ஷினோக்கா குழு, 4 வயதுச் சிறுமிக்கு அவளது சிரையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை, கரையும் சாரக்குழாயில் விதைத்து நுரையீரல் தமனிக்குப் பொருத்தியது, 2001-இல் வெளியானது. பிறகு வாரக்கணக்கில் வளர்ப்பதை விட்டுவிட்டு, ஆபரேஷன் நாளிலேயே எலும்பு மஜ்ஜை எடுத்து, செல்களைப் பிரித்து, அங்கேயே சாரத்தில் விதைத்துப் பொருத்தினார்கள். அந்தச் செல்கள்தான் குழாய்ச் சுவராக மாறுகின்றன என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 2010-இல் எலிகளில் தேடிப் பார்த்தால், விதைத்த செல்கள் சில நாளிலேயே காணாமல் போயிருந்தன! போவதற்குள் ரசாயனச் சமிக்ஞை விட்டு உடம்பின் வெள்ளணுக்களை அழைக்கின்றன, அவை வந்து கிளப்பிவிடும் வேலையில்தான் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து செல்கள் ஊர்ந்து வந்து புதுச் சுவரைக் கட்டுகின்றன.

அப்படியானால் விதைப்பது வீண் என்று அர்த்தமில்லை. விதைக்காத குழாய்கள் எலியில் அதிகம் சுருங்கின. குருத்தெலும்பிலோ கதை நேர்மாறு, சுற்றிலும் ரத்தம் இல்லாத இடத்துக்கு யார் வந்து உதவுவார்கள்? விதைத்த செல்தான் முழு வேலையும் செய்தாக வேண்டும். ஆக நீங்கள் எந்தத் திசுவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். ஒரு கிளினிக்கில் "ஸ்டெம் செல் போட்டுக் குருத்தெலும்பை வளர்த்துவிடலாம்" என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போடலாமா?
*வாசகி, சென்னை*

பதில்: வேண்டாம். முழங்காலுக்குள் ஊசியில் ஏற்றிய செல் எங்கே போய் ஒட்டும், எத்தனை ஒட்டும், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? முதல் கேள்வி கேட்ட மாணவி ஒரு வில்லைக்குள் செல்லை நிறுத்தவே எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பார்த்தோமே. அசையும் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் விட்டுவிட்டால் அது தேய்ந்த இடமாகப் பார்த்து உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முறையான சிகிச்சை ஒன்று உண்டு. நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே செல் எடுத்துப் பெருக்கி, பன்றிக் கொலாஜன் படலத்தில் விதைத்து, பள்ளத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டுவது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது அடிபட்டுப் பெயர்ந்த, ஓரம் தெளிவான பள்ளத்துக்கு. மூட்டு முழுக்கத் தேய்ந்த உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு அல்ல. இங்கே ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜைச் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் சோதனையாகத்தான் நடக்கலாம், சோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. கிளினிக்கில் சோதனைப் பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை, பில் மட்டும் இருக்கிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர் என்பதும் காப்பாற்றாது. பாவ்லோ மக்கியாரினி 2011-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் மஜ்ஜைச் செல்லை விதைத்துப் பொருத்தினார், உலகமே கைதட்டியது. விதைத்த செல்கள் உயிருள்ள சுவராக மாறவே இல்லை. அங்கே பொருத்திக்கொண்ட மூவரும் இறந்துவிட்டார்கள். கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது.

அம்மாவுக்கு ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் நின்ற நிலையில் எக்ஸ்-ரே எடுத்துக் காட்டுங்கள். தொடைத் தசைக்குப் பிசியோதெரபி, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, வலிக்கு மருந்து, முடியாத கட்டத்தில் மூட்டு மாற்று. கிளினிக்கில் கேட்ட பணத்தை இப்போதைக்கு அதற்கென்று எடுத்து வையுங்கள்.